'செட்' என்ற ஒரே சொல்லை வைத்து ஓர் அகராதியைச் சோதித்த கதை: காலின்ஸ் கோபில்ட்

ஒரு அகராதி நல்லதா இல்லையா என்று பார்க்க நான் பெரிய பெரிய சொற்களைத் தேடுவதில்லை. 'செட்' என்ற மூன்றெழுத்து ஆங்கிலச் சொல்லைத்தான் முதலில் புரட்டுவேன். கஷ்டமான சொல்லுக்கு எந்த அகராதியும் ஏதாவது ஒரு பொருள் கொடுத்துவிடும், ஏனென்றால் பெரும்பாலும் அதற்கு ஒரு பொருள்தான் இருக்கும். சின்னச் சொல்லில்தான் அகராதியின் சாயம் வெளுக்கும்.

என் வேலை கருவிகளுக்கான கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவது. இந்தத் தொழிலில் என்னை அதிகம் திணறடித்தது இந்தச் சொல்தான். தரைக்கு டைல்ஸ் ஒட்டும் பசை ஒன்றின் கையேட்டில் அடுத்தடுத்து மூன்று வரிகள்: 'செட் த டைல். லெட் இட் செட். டூ நாட் வாக் ஆன் இட் அன்டில் செட்.' மூன்று செட்டும் மூன்று வேலை செய்கின்றன. முதலாவது நாம் செய்யும் வேலை, டைலைப் பதிப்பது. இரண்டாவது பசை தானாகச் செய்யும் வேலை, இறுகுவது. மூன்றாவது வேலை முடிந்த நிலை. அப்போது போனில் வைத்திருந்த ஓர் இலவச அகராதிச் செயலியில் போட்டுப் பார்த்தேன். 'தொகுதி, கணம், அமை' என்று வந்து நின்றது. கணிதப் பாடத்தில் செட்டுக்குக் 'கணம்' என்பது சரியான சொல்தான், ஆனால் பசைக்கும் கணத்துக்கும் என்ன சம்பந்தம்? எந்தச் சொல் எந்த இடத்துக்கு உரியது என்று ஒரு குறிப்பும் இல்லாமல் மூன்று சொற்களை அள்ளிப் போட்டால், பயன்படுத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டியதுதான்.

அதைவிடப் பயந்துபோன சம்பவம் ஒன்று உண்டு. புகை வந்தால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றின் கையேடு, வேறொருவர் மொழிபெயர்த்தது, சரிபார்க்க என்னிடம் வந்தது. மூலத்தில் இருந்தது, சமையல் புகை அலாரத்தை 'செட் ஆஃப்' செய்யக்கூடும் என்று. அதாவது அலறவைத்துவிடும். தமிழில் இருந்தது, சமையல் புகை அலாரத்தை 'அணைத்துவிடக்கூடும்' என்று. 'ஆஃப்' என்றாலே அணைப்பது என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அர்த்தம் அப்படியே தலைகீழ். இது எழுத்துப்பிழை மாதிரி சிரித்துவிட்டுக் கடந்துபோகிற விஷயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. அலாரத்தை 'செட்' செய்தால் வைப்பது, 'செட் ஆஃப்' செய்தால் ஒலிக்கவைப்பது. அதே 'செட் ஆஃப்' பயணம் என்றால் கிளம்புவது, வெடி என்றால் வெடிக்கவைப்பது, ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் என்றால் எடுப்பாகக் காட்டுவது. இத்தனையும் ஒரே இரண்டு சொற்களில்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்கான ஒரு அகராதி வேண்டும் என்று தேட ஆரம்பித்துக் கோபில்டுக்கு வந்து சேர்ந்தேன். இது காலின்ஸ் பதிப்பகமும் பர்மிங்காம் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது, ஜான் சின்க்ளேர் என்ற மொழியியலாளர் தலைமையில். முதல் பதிப்பு 1987-இல் வந்தது. இதற்கு முன்பு அகராதி எழுதியவர்கள் பெரும்பாலும் பழைய அகராதிகளையும் தங்கள் நினைவையும் வாசிப்பில் குறித்து வைத்த சீட்டுகளையும் நம்பினார்கள். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், நிஜமாக எழுதப்பட்ட, பேசப்பட்ட ஆங்கிலத்தைக் கோடிக்கணக்கான சொற்கள் அளவுக்குக் கணினியில் சேர்த்து, ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று வரிவரியாக எடுத்துப் பார்த்து, அதிலிருந்து பொருளைப் பிரித்தார்கள். 1980-களின் கணினிகளை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

சரி, 'செட்' எப்படி இருக்கிறது? பெயர்ச்சொல்லாக வருவதை ஒரு பக்கம், வினையாகவும் பெயரடையாகவும் வருவதை இன்னொரு பக்கம் என்று முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். தேடி வருகிறவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பொருளை ஒற்றைச் சொல்லாகக் கொடுக்காமல் முழு வாக்கியமாகச் சொல்வது. சிமெண்ட் மாதிரியான ஒன்று செட் ஆகும்போது அது கெட்டியாகிறது, நீங்கள் ஒன்றை ஓரிடத்தில் செட் செய்தால் அதைக் கவனமாக அங்கே வைக்கிறீர்கள் என்கிற தோரணையில் இருக்கும். குழந்தை ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் நாம் எப்படிச் சொல்வோம்? 'அதாவது கண்ணு, இப்படி இப்படி நடந்தால் அதற்குப் பேர் இது' என்றுதானே? அதே முறை. எழுவாய் யார், செய்யப்படும் பொருள் எது என்பது விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், டைலைப் பதிப்பதும் பசை இறுகுவதும் குழம்பவே வாய்ப்பில்லை.

இன்னும் உன்னிப்பாகப் பார்த்தால் ஒரு நுணுக்கம் தெரியும். சூரியன் மறைவதைச் சொல்லும்போது விளக்கத்தை 'வென்', அதாவது நடக்கும்போது என்று தொடங்குகிறார்கள், அது எப்படியும் நடக்கப்போகிற காரியம். நீங்கள் ஒன்றை ஓரிடத்தில் வைப்பதைச் சொல்லும்போது 'இஃப்', அதாவது செய்தால். செய்வதும் செய்யாததும் உங்கள் இஷ்டம். இதை நான் ஒரு வருடம் பயன்படுத்திய பிறகுதான் கவனித்தேன், அதன் பிறகு ஒவ்வொரு பதிவிலும் முதல் சொல்லைப் பார்க்காமல் விடுவதில்லை.

ஆனால் இந்த அகராதிக்கு நான் உண்மையிலேயே அடிமையானது 'செட் இன்' என்ற இடத்தில். ஏதோ ஒன்று தொடங்கி நிலைத்துவிடுகிறது என்பது அதன் பொருள். மற்ற அகராதிகள் 'தொடங்கு' என்று போட்டுவிட்டுப் போய்விடும். சின்க்ளேர் இதன் எடுத்துக்காட்டு வரிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது தெரிந்தது என்னவென்றால், இதற்கு எழுவாயாக வருவதெல்லாம் பெரும்பாலும் வேண்டாத விஷயங்கள்: அழுகல், சிதைவு, விரக்தி, நோய்த்தொற்று. மகிழ்ச்சி 'செட் இன்' ஆனது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை. சொல்லுக்குள் எங்கேயும் 'கெட்டது' என்று எழுதியிருக்கவில்லை, ஆனால் அது சேரும் கூட்டம் அப்படி. இந்த விஷயம் அகராதியின் விளக்கத்திலேயே வந்துவிடுகிறது, ஒரு விரும்பத்தகாத ஒன்று தொடங்கி நீடிக்கப்போவதாகத் தெரிந்தால் என்கிற மாதிரி.

இதைப் படித்த அன்று இதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். 'பிடி' என்பது மனதில் வந்தது. துருப் பிடித்தது, பூஞ்சை பிடித்தது, சளி பிடித்தது, பேய் பிடித்தது, சனி பிடித்தது. வந்தது விடாமல் ஒட்டிக்கொள்கிறது, வருவதும் நல்லதாக இல்லை. அடைமழை பிடித்துக்கொண்டது என்கிறோமே, அது கிட்டத்தட்ட அப்படியே 'செட் இன்'. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு மொழிகளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆனால் ஒரு வினைச்சொல் தனக்கென்று கெட்ட சகவாசத்தைத் தேடிக்கொள்வது இரண்டிலும் நடந்திருக்கிறது. இதை எனக்குக் காட்டியது ஓர் ஆங்கில அகராதி.

அதே போல, 'செட்' வினையின் பெரும்பகுதிக்குத் தமிழில் 'வை' அழகாகப் பொருந்துகிறது. அலாரம் வை, தீ வை, பொறி வை, விலை வை, பரீட்சை வை. இவை அத்தனைக்கும் ஆங்கிலத்தில் செட் போடலாம். காரணமும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் 'செட்டன்', உட்காருவதைக் குறிக்கும் 'சிட்' என்பதன் பிறவினை, அதாவது உட்கார வைப்பது. ஆனால் 'வை' எல்லா இடத்துக்கும் கைகொடுக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். மோதிரத்தில் கல் என்றால் பதிக்கிறோம், அச்சில் எழுத்து என்றால் கோக்கிறோம், பாட்டு என்றால் மெட்டுப் போடுகிறோம், ஜெல்லி என்றால் உறைகிறது, சூரியன் என்றால் சாய்கிறது. ஆங்கிலம் ஒரே சொல்லில் முடித்துக்கொள்வதைத் தமிழ் ஆளுக்கொரு சொல் வைத்துச் சொல்கிறது.

குறைகளும் இருக்கின்றன. சொல் பிறந்த கதை வேண்டும் என்றால் கோபில்டு உங்களுக்கு ஆகாது. ஒரு செட் கருவிகள், ஒரு செட் உடை என்கிறோமே, அந்தப் பெயர்ச்சொல்லின் வேர் 'பின்பற்றுவோர் கூட்டம்' என்ற பொருள் தரும் லத்தீன் 'செக்டா', பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. வினை வேறு ஊர்க்காரர், பெயர் வேறு ஊர்க்காரர், ஒலி ஒன்றாகிப்போனதால் போகப்போக ஒருவரோடு ஒருவர் கலந்துவிட்டார்கள். இதையெல்லாம் ஆற அமர உட்கார்ந்து பார்க்க ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய ஆங்கில அகராதிதான் சரி. 1989-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகள், அதில் 'செட்' வினைக்கு மட்டும் 430 பொருள்கள், சுமார் 60,000 சொற்கள் நீளத்துக்கு. ஒரு சின்ன நாவல் அளவு! பிறகு 2011 வாக்கில் 'ரன்' என்ற வினையைத் திருத்தி எழுதியபோது அது 645 பொருள்களோடு செட்டை முந்திவிட்டது. அந்த ஒரு சொல்லோடு பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார். அங்கே பழைய பொருள் முதலில், புதியது பின்னால். படிக்க ஆனந்தம், ஆனால் மதியத்துக்குள் கையேட்டை அனுப்பியாக வேண்டும் என்ற அவசரத்தில் அது உதவாது.

இன்னொரு குறை, அச்சுப் பிரதி கனம், ஒரு கையால் தூக்கிப் படிக்க முடியாது. முழு வாக்கிய விளக்கம் சில இடங்களில் நீண்டுவிடுகிறது, ஒரு சாதாரணப் பொருளின் பெயருக்குக்கூட வாக்கியம் எதற்கு என்று தோன்றும். பொருள் ஆங்கிலத்திலேயேதான் இருக்கும், தமிழ்ச் சொல்லை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலம் இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் இது கொஞ்சம் சீக்கிரம். ஓரளவு வாசிக்கத் தெரிந்து, எழுதும்போதுதான் தடுமாறுகிறேன் என்பவர்களுக்கு, முக்கியமாக மொழிபெயர்க்கிறவர்களுக்கு, யோசிக்காமல் வாங்கலாம் என்பேன்.

நாம் அன்றாடம் 'எனக்கு இது செட் ஆகாது' என்கிறோமே, ஒத்துவராது என்ற பொருளில், அதை இதில் தேடிப் பார்த்தேன், இல்லை. இருக்கவும் நியாயமில்லை, அது நாம் வளர்த்துக்கொண்ட பயன்பாடு. ஆனால் ஸ்காட்லாந்துப் பேச்சில், ஓர் உடை ஒருவருக்கு எடுப்பாக இருக்கிறது, பொருத்தமாக இருக்கிறது என்பதற்குச் செட் என்று சொல்லும் வழக்கம் உண்டு. நம்முடையது அங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'எங்க செட்டு பசங்க', 'பம்ப்செட்', 'செட் போட்டு எடுத்த படம்' என்று இந்தச் சொல்லை நாமும் விடாமல் வேலை வாங்குகிறோம் என்பதைப் பார்க்கும்போது இதன் மேல் எனக்குப் பாசம் கூடுகிறது.

காசு கொடுக்கும் முன் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. கோபில்டின் விளக்கங்கள் காலின்ஸ் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, 'செட் இன்', 'செட் ஆஃப்', 'செட் அப்' எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு. பழைய புத்தகக் கடையில் 1987 பதிப்பு கண்ணில் பட்டால் அதை விடாதீர்கள். இலக்கணக் குறிப்புகளைப் பக்கத்தின் ஓரத்தில் தனிப் பத்தியாகப் போட்டிருப்பார்கள், விளக்கத்தைப் படிக்கும்போது கண்ணை உறுத்தாது. டைல்ஸ் கையேட்டை முடித்தது அதை வைத்துத்தான்: 'டைலைப் பதியுங்கள். இறுக விடுங்கள். இறுகும்வரை மேலே நடக்காதீர்கள்.'