பட்டியலா, நடையா, தொலைபேசியா: எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

குடும்பக் கணக்கெடுப்புக்கு வீடுகளைத் தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரு பகுதியின் எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு அதிலிருந்து குலுக்கி எடுப்பது ஒன்று. பட்டியல் எதுவும் இல்லாமல், நடந்துகொண்டே இத்தனையாவது வீடு என்று எடுப்பது இன்னொன்று. தொலைபேசியில் அழைப்பது மூன்றாவது. மூன்றிலும் யாரோ சிலர் விடுபடத்தான் செய்வார்கள். விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று பிறகு சொல்ல முடியுமா? நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

நடை முறையைப் பரவலாக்கியது தடுப்பூசிக் கணக்கெடுப்பு. 30 பகுதிகள், பகுதிக்கு 7 குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எளிய திட்டம் அது. ஊரின் நடுவில் நின்று பாட்டிலையோ பேனாவையோ சுழற்றிவிட வேண்டும். அது காட்டும் திசையில் ஒரு வீட்டைத் தேர்ந்து, பின்னர் அடுத்தடுத்த கதவுகளுக்குப் போக வேண்டும். மலிவு, வேகம் இரண்டும் உண்டு. ஆனால் எல்லாக் கோடுகளும் நடுவிலிருந்தே கிளம்புவதால், நடுவில் இருக்கும் வீடுகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. ஓரத்துக் குடிசைகளுக்குக் குறைகிறது. மாடியில் தனியாகக் குடியிருப்பவரும், முன்வீட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வீடும் கண்ணிலேயே படுவதில்லை.

இதைவிட மோசமானது பூட்டிய கதவு. காலை பதினொரு மணி; கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். களப்பணியாளர் பக்கத்து வீட்டுக்கு நகர்கிறார். அங்கே ஓய்வுபெற்ற தம்பதி பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். படிவம் நிரம்பியது, ஒதுக்கீடும் முடிந்தது. தாளில் பார்த்தால் மறுத்தவர் எவருமில்லை! வேலையில் இருப்போரின் விகிதம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். எவ்வளவு இறங்கியது என்று கேட்டால் பதில் சொல்ல ஆவணம் கிடையாது. 2018இல் வந்த தன் கையேட்டில் உலக சுகாதார நிறுவனமே இந்தப் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் வாய்ப்பு இவ்வளவு என்று கணக்கிடக்கூடிய தேர்வுக்கு மாறிவிட்டது.

பட்டியல் முறையில் அதே பூட்டிய கதவுக்கு ஓர் எண் உண்டு. மாலையில் ஒருமுறை, வேறொரு நாளில் ஒருமுறை திரும்பிப் போக வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் 'இல்லை' என்றே பதிய வேண்டும்; பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கக் கூடாது. இதற்காகப் பட்டியலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அது சீக்கிரம் பழசாகிவிடும். வீடற்றோரும் விடுதிவாசிகளும் பெரும்பாலும் அதில் வருவதேயில்லை. வேலையைக் குறைக்க, ஆள் இருக்கும் வீட்டையே 'காலி' என்று எழுதிவிடும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. இருபது வீடுகளுக்கு மறுபடி ஆளனுப்பிச் சரிபார்த்தால் அந்தக் குட்டு உடைந்துவிடும்.

வீட்டுக்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. கதவைத் திறந்தவரிடமே கேட்பது சுலபம். அதைத் தடுக்கத்தான் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ், வீட்டில் யாரிடம் கேட்பது என்று முடிவுசெய்ய 1949இலேயே ஓர் அட்டவணை வகுத்துக் கொடுத்தார். ஐந்து பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒருவரை எடுத்தால், அவர் பதிலுக்கு ஐந்து மடங்கு எடை தர வேண்டும்; அந்த ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் அவர் பேசுகிறார். பலர் மறந்துவிடும் படி இது.

தொலைபேசி, கொரோனா ஊரடங்கில் வேறு வழியில்லாமல் கைகொடுத்தது. தொலைபேசி இல்லாத ஏழைகள் அதில் இல்லை. எடுத்துப் பேசியவர் பெரும்பாலும் குடும்பத் தலைவர். முன்பு நேரில் சந்தித்த குடும்பங்களின் எண்களையே அழைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம். புதிதாக எண்களைச் சுழற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

நல்ல பட்டியல் இருந்தாலும் மக்கள் பேச மறுக்கலாம் என்பதற்கு பிரிட்டனின் தொழிலாளர் கணக்கெடுப்பு சாட்சி. பதிலளிப்போர் 20 சதவீதத்துக்கும் கீழே சரிந்ததால், 2023 அக்டோபரில் அதன் வழக்கமான வெளியீட்டையே நிறுத்திவைத்தார்கள். முகவரிப் பட்டியல் இருந்ததால்தான் அந்தச் சரிவையே அளக்க முடிந்தது.

பணம் போதாதென்றால் வெட்ட வேண்டியது பட்டியலை அல்ல, மாதிரியின் அளவை. சமவாய்ப்பில் எடுத்த 1,000 பேரை 500 ஆக்கினால் பிழை வரம்பு சுமார் 3 சதவீதப் புள்ளியிலிருந்து 4.4க்குப் போகும், அதைக் கணக்கிட்டு அறிக்கையில் எழுதிவிடலாம். அதுவும் முடியாவிட்டால், பகுதியைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டைக் குலுக்கி எடுத்து, அதிலுள்ள அத்தனை வீடுகளிலும் விசாரிப்பதே என் தேர்வு. அங்கே எந்த வீட்டைத் தட்டுவது என்ற முடிவு களப்பணியாளர் கையில் இருக்காது.