"கியர் தானா மாறும்" என்று சொல்லி விற்றார்கள்: எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கப்போகும் கடலூர், புதுச்சேரிக்காரர்கள் படித்துவிட்டுப் போங்கள்

அப்பாவுக்கு 66 வயது. வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், அரைக் காணி கொய்யாத் தோட்டம் கேப்பர் மலை மேலே. விடியும்போது சைக்கிளில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் அவர் பழக்கம். போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்தார்கள். இப்போது பிரேக்கை நான்கு விரலால் இழுத்துப் பிடிக்க முடிகிறது. ஆனால் எதையும் திருக முடியாது, கட்டைவிரலால் அழுத்தித் தள்ளவும் முடியாது. கியர் சைக்கிளில் பின்கியரை மாற்றும் பிடி வலது பக்கம்தான் இருக்கும். அதனால்தான் மோட்டாரும் வேண்டும், கியரும் தானாக மாற வேண்டும் என்று தேடினேன்.

புதுச்சேரியில் ஒரு கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவின் கையைப் பற்றி முழுசாகச் சொல்லி, "ஆட்டோமேட்டிக் கியர் இருக்கா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "இருக்கு மேடம், ஆட்டோ கியர்தான், தானா மாறும்" என்று பதில் வந்தது. நேரில் போனபோது கடைத் தம்பி கைப்பிடியில் இருந்த சின்னத் திரையைக் காட்டினார். 1 முதல் 5 வரை எண்கள். "இதுதான் அக்கா கியர். மூணுல வச்சு விட்டுடுங்க, மிச்சத்தை மோட்டார் பாத்துக்கும்." அப்பா தெருவில் இரண்டு சுற்று ஓட்டினார். சமதரை, மோட்டார் இழுக்கிறது, சுகமாகத்தான் இருந்தது. வலது பிடியில் ஒரு வளையம் இருந்தது. கேட்டதற்கு, "அது மேனுவலா ஓட்டணும்னு ஆசைப்படுறவங்களுக்கு, நீங்க தொடவே வேணாம்" என்றார். 52,000 ரூபாய் கொடுத்தோம். பில்லில் "இ-சைக்கிள், 7 ஸ்பீடு" என்று மட்டும் எழுதியிருந்தது. ஆட்டோ என்ற சொல்லே அதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் நான் அதைக் கவனிக்கவில்லை.

முதல் நாளே கேப்பர் மலை ஏற்றத்தில் நின்றுவிட்டது. அப்பா எழுந்து நின்று மிதித்திருக்கிறார், பெடல் இறங்கவில்லை, வண்டி பின்னால் உருண்டு முழங்கால் தேய்ந்துபோனது. "புது வண்டி, பழகணும்" என்று என்னிடம் சொல்லி மறைத்துவிட்டார். பதினைந்து நாள் அப்படியே பாதி தள்ளிக்கொண்டும் பாதி மிதித்துக்கொண்டும் ஏறியிருக்கிறார். ஒருநாள் பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்ததும்தான் சொன்னார். கடைக்குப் போன் செய்தால், "ஓவர்லோடு பண்ணிருக்கீங்க, வாரண்டி வராது" என்றார்கள். அப்பாவின் எடை 58 கிலோ.

உண்மையை எங்களுக்குக் காட்டியவர் எங்கள் தெருமுனை சைக்கிள் மெக்கானிக். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பின்கியரிலிருந்து வரும் கேபிளை விரலால் தொட்டுக்கொண்டே முன்னால் வந்தார். அது வலது பிடியில் இருந்த அந்த வளையத்தில் போய் முடிந்தது. "பாப்பா, இந்த டிஸ்ப்ளேவுக்கும் இந்தக் கேபிளுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. இது சாதா ஏழு கியர். கையால திருப்பினாத்தான் மாறும்." அப்பா வாங்கிய நாளிலிருந்து ஒரே கியரில், அதுவும் ஆகக் கடினமான கியரில் மலை ஏறியிருக்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். முன்னால், பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 42 பல். பின்னால் சின்னப் பல்சக்கரத்தில் 14 பல், பெரியதில் 28. சின்னதில் செயின் ஓடும்போது பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டியின் பின்சக்கரம் மூன்று சுற்று சுற்றும். பெரியதில் ஒன்றரை. ஏற்றத்தில் காலுக்கு விழும் பாரம் பாதியாகிவிடும். கியர் என்பது இதுதான். திரையில் தெரியும் 1 முதல் 5 வரையிலான எண், மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்பதைச் சொல்வது. அதன் பெயர் பெடல் அசிஸ்ட். அதை ஐந்தில் வைத்தாலும் செயின் இருந்த பல்லிலேயேதான் இருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வண்டியில் மோட்டார் பின்சக்கரத்துக்குள் இருக்கிறது. அது செயின் வழியாக இழுப்பதில்லை, சக்கரத்தை நேரடியாகச் சுற்றுகிறது. நாம் எந்தக் கியரில் இருந்தாலும் அந்த மோட்டாருக்கு ஒன்றுதான். ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது கரண்ட் இழுவையாக மாறாமல் சூடாகப் போய்விடும். கருகல் வாடை அதனால் வந்தது. பெடல் அச்சில் மோட்டார் வைத்த சைக்கிள் வேறு மாதிரி. அதில் மோட்டாரின் இழுவையும் செயின் வழியாகவே போவதால், கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் பாரம் குறையும்.

தானாகக் கியர் மாறும் சைக்கிள் என்பதே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே இருக்கிறது. ஸ்ராம் நிறுவனம் முன்பு தயாரித்த ஆட்டோமேட்டிக்ஸ் என்ற பின்ஹப்புக்கு (பின்சக்கரத்தின் நடுக்குடம்) பேட்டரியும் வேண்டாம், கேபிளும் வேண்டாம். வேகம் கூடும்போது உள்ளே இருக்கும் சின்ன எடைகள் வெளிப்பக்கம் விலகி இரண்டாவது கியரைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானின் ஷிமானோ 2009-லேயே மின்சாரத்தால் கியர் மாற்றும் டிஐ2-வைக் கொண்டுவந்தது. பிறகு பெடல் அச்சு மோட்டாரோடு அதை இணைத்து, வேகத்தையும் காலின் அழுத்தத்தையும் அளந்து தானாகவே மாற்றும்படி செய்தது. என்வியோலோ ஹப்பில் பற்களுக்குப் பதில் சுழலும் உருண்டைகள் இருக்கும். அதன் ஆட்டோமேட்டிக் வகையில் ஹப்போடு ஒரு சின்ன மின்பெட்டி இருக்கும், அதற்கு ஒயர் போகும். என் கோபம் இங்கேதான். கை முடியாதவர்களுக்கு இவ்வளவு உதவியான ஒரு விஷயத்தின் பெயரை ஒட்டி, அவர்களிடமே சாதாக் கியரை விற்கிறார்கள்.

வாங்கப்போகிறீர்கள் என்றால் மெக்கானிக் செய்ததையே கடையில் செய்யுங்கள். பின்கியரிலிருந்து வரும் கேபிளைத் தொட்டுக்கொண்டே வாருங்கள். அது கைப்பிடியில் முடிந்தால், கியரை மாற்றப்போவது உங்கள் கைதான். சமதரையில் ஓட்டிப் பார்த்துத் தலையாட்டிவிடாதீர்கள். அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் மாதிரி ஒரு ஏற்றத்துக்கு எடுத்துப்போக விடுகிறார்களா என்று கேளுங்கள். வாயால் சொன்ன ஒவ்வொரு வசதியையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: கடை புதுச்சேரியில்தானே, அங்கே போய் யார் அலைவது என்று விட்டுவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நான் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்தேன், பிறகு கடைக்கு நோட்டீஸ் அனுப்பினேன். பதில் வராததால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். "தானா மாறும்" என்ற அந்த வாட்ஸ்அப் செய்தி இப்போது எனக்குப் பெரிய பலம். ஒன்றையும் அழித்துவிடாதீர்கள்.

மெக்கானிக் அந்த வளையத்தைக் கழற்றிவிட்டு, இடது பிடியில் பழைய மாதிரி ஒரு கியர் லீவர் மாட்டிக் கொடுத்தார். மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டோம். லீவருக்கும் கூலிக்கும் சேர்த்து 400 ரூபாய் ஆனது. அப்பா இப்போது இடது கையால் பெரிய பல்லுக்கு மாற்றி மலை ஏறுகிறார். செங்குத்தாக இருக்கும் அந்தக் கடைசி வளைவில் மட்டும் மோட்டாரை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளுகிறார். அடுத்த விசாரணைத் தேதி வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.