பாஸ்புக் பதியும் இயந்திரமும் அதை நாடி வருவோரும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறு நகர் ஒன்றின் வங்கிக் கிளையில், பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து தரும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தின் வேலையில் குறை சொல்வதற்கில்லை. பார்கோடு ஒட்டிய புத்தகத்தைச் செருகினால் விட்ட இடத்திலிருந்து தெளிவாக அச்சிட்டுத் தருகிறது. பக்கம் நிரம்பியதும் திருப்பச் சொல்கிறது. திரையில் தமிழும் உண்டு.

இதை நாடி வருவோர் யார் என்று பார்க்கும்போதுதான் மதிப்பெண் குறைகிறது. கல்லூரி வரை படித்தவர்கள் இருப்பைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்வதால் கிளைப் பக்கம் வருவது அரிது. 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் 1,000 ரூபாய் கணக்கில் ஏறியதாகக் குறுஞ்செய்தி வந்தாலும், அதைப் படித்துச் சொல்ல ஆள் தேடவேண்டிய பெண்களே புத்தகத்தில் வரி விழுந்ததைக் கண்ணால் பார்க்க வருகிறார்கள். தனியாக வருவோர் குறைவு. எட்டாவதோ பத்தாவதோ படித்த ஒருவரை முன்னிட்டுத் தெருவே சேர்ந்து வருகிறது. எல்லோருக்கும் சலான் எழுதுபவர் அவர்தான். யார் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்பதும் அவருக்கு அத்துப்படி என்பதால், அவரை யாரும் பகைத்துக்கொள்வதில்லை.

இம்மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் பலர் இன்று அறுபதைக் கடந்தவர்கள். பேனாவை அழுத்திப் பிடித்து, பெயரை நிறுத்தி நிதானமாக எழுதுகிறார்கள்; கைநாட்டு வைக்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடுகிறது. ஆனால் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் நிரப்புவதற்கும், திரையில் ஓடும் நீண்ட அறிவிப்பை வாசிப்பதற்கும் அந்தப் பயிற்சி போதவில்லை. ஒரு மூதாட்டி புத்தகத்தைத் தலைகீழாகச் செருகினார். இயந்திரம் வெளியே தள்ளியது. மீண்டும் செருகினார், மீண்டும் தள்ளியது. "இந்த மாசம் காசு ஏறலபோல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவரை வாசல் காவலாளிதான் அழைத்து, புத்தகத்தைத் திருப்பிச் செருகிக் கொடுத்தார். இது அவருடைய வேலையே அல்ல. கவுன்டரில் கேட்டிருந்தால் "மெஷின்ல போட்டுக்கங்க" என்ற பதில்தான் கிடைத்திருக்கும். இயந்திரம் வந்ததிலிருந்து அங்கே புத்தகம் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

பார்வையற்றோருக்காகப் பல ஏடிஎம்களில் குரல் வழிகாட்டும் வசதி இருக்கையில், இங்கும் அதைக் கேட்பது பேராசையாகாது. அது வரும்வரை, புத்தகத்தை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதைப் படம் வரைந்து இயந்திரத்தின் மீது ஒட்டினாலே பாதித் தொல்லை தீரும்.

ஐந்துக்கு, இயந்திரத்துக்கு நான்கும் கிளைக்கு இரண்டும் தருவேன். உரிமைத் தொகை வரவாகும் 15ஆம் தேதியை ஒட்டிய காலை வேளைகளில் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது. அவசரமில்லாதவர்கள் மாதக் கடைசியில் செல்வது நல்லது.