கம்பத்துல நடந்த ரெண்டு நாள் தொழில் வகுப்பு, 1,800 ரூபாய்க்கு என்ன கிடைச்சுது

கேரள எல்லையில இருக்கற குமுளியில ஏலக்கா, மிளகு, கிராம்பு விக்கிற சின்ன கடை வச்சிருக்கேன், வீடு கூடலூர்ல, ஊட்டி பக்கம் இருக்கற கூடலூர் இல்ல, தேனி மாவட்டத்து கூடலூர். தினம் காலைல லோயர் கேம்ப் வழியா பஸ்ல மலையேறி சாயங்காலம் இறங்கற பொழப்பு. மூணு மாசத்துக்கு முன்னாடி கம்பத்துல ஒரு மண்டபத்துல சின்ன வியாபாரிங்களுக்குன்னு ரெண்டு நாள் வகுப்பு வச்சாங்க, சூழ்நிலைக்கு தக்க மாத்திக்கறது, தோல்வியப் பாத்து ஒதுங்காம இருக்கறது, கதை சொல்லத் தெரியறது, இந்த மூணும் கைவந்தா தொழில்ல உச்சத்துக்குப் போகலாம்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. 1,800 ரூபா, மதிய சாப்பாடு உண்டு. முடிஞ்ச அன்னிக்கே எழுதியிருந்தா சூடு ஆறாம எல்லாமே சூப்பர்னு எழுதியிருப்பேன், அதனாலதான் மூணு மாசம் கடையில வச்சுப் பாத்துட்டு இப்ப எழுதறேன். போலாமா வேணாமான்னு கேட்டு நாலஞ்சு பேர் எனக்கு மெசேஜ் போட்டிருக்கீங்க, அவங்களுக்கும் இதுதான் பதில்.

மொத நாள் காலைல பெருசா ஒண்ணும் இல்ல. பயிற்சியாளர் சென்னைலருந்து வந்தவரு, நல்லா பேசறாரு, ஆனா ஸ்கிரீன்ல வர்றதெல்லாம் வெளிநாட்டு கம்பெனி. பை இல்லாத வாக்குவம் கிளீனர் கண்டுபிடிச்ச ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரி செஞ்சு பாத்தாரு, கடைசி ஒண்ணுதான் சரியா வந்துச்சு, அத்தன தடவ தோத்தும் விடலன்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க, நானும் தட்டுனேன். ஆனா மனசுல ஒண்ணு உறுத்திட்டே இருந்துச்சு, அத்தன வருஷம் அந்த வீட்டுல அடுப்பு எப்படி எரிஞ்சுது? வீட்டுக்கு வந்து மொபைல்ல தேடிப் படிச்சா, அவரு வீட்டம்மா டிராயிங் டீச்சர், அந்த சம்பளமும் கடனும்தான் குடும்பத்த ஓட்டியிருக்கு. அத மேடைல சொல்லியிருந்தா அந்தக் கதை எங்களுக்கு இன்னும் ஒட்டியிருக்கும், ஏன்னா அங்க உக்காந்திருந்த பாதிப் பேரு வீட்டு நகைய வச்சுதான் கடை நடத்தறோம். ஒருத்தன் தோக்கறப்ப அந்தச் செலவ யாரு தாங்குனான்னு சொல்லாத கதை அரைக் கதைதான், இத நான் மனசார சொல்றேன்.

டீக்கு முன்னாடி பயிற்சியாளர் உங்க ஊர்லருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கன்னு கேட்டாரு. பின்னாடி வரிசைல தோட்டத்துக்கு ஆள் ஏத்தற ஜீப் டிரைவர் அண்ணன் ஒருத்தர் எந்திரிச்சு, எங்களுக்கு வேற யாரு சார், பென்னிக்குவிக்தான்னாரு, முல்லைப் பெரியாறு அணையக் கட்டுன வெள்ளக்கார இன்ஜினியர். மண்டபமே அப்பதான் முழிச்சுது. எங்க பக்கம் டீக்கடைல சாமி படத்தோட அவரு படமும் இருக்கும், பிள்ளைங்களுக்கு அவரு பேர வைக்கறாங்க, ஜனவரி 15 அவரு பொறந்த நாளுக்கு லோயர் கேம்ப் மணிமண்டபத்துல பொங்க வைக்கறாங்க. மேற்க ஓடி கடல்ல கலந்த பெரியாத்த மறிச்சு, மலையக் குடைஞ்சு கிழக்க திருப்பி வைகைல சேத்த வேலை. 1887ல ஆரம்பிச்சு 1895ல முடிஞ்சுது, நடுவுல கட்டுனத வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, மலேரியால எத்தனையோ வேலைக்காரங்க செத்தாங்க. சொத்த வித்து கட்டுனாருங்கறது ஊர் சொல்ற கதை, அந்த அண்ணனும் அதத்தான் மொதல்ல சொன்னாரு. ஆனா அவரு அதோட நிறுத்தல, செத்தது எங்காளுங்க சார், அவங்க பேரு எங்கயும் இல்லன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. பயிற்சியாளர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் அந்த அண்ணன்கிட்ட இத நான் வேற ஊர்லயும் சொல்லலாமான்னு கேட்டாரு. அவரு மேல எனக்கு மரியாத வந்தது அந்த எடத்துலதான்.

மதியத்துக்கு மேலதான் வகுப்போட உயிரே. ஒரு வெள்ளப் பேப்பர் குடுத்து, நீங்க தோத்த ஒரு விஷயத்த எழுதுங்க, வருத்தம் வேணாம் கணக்கு மட்டும், எப்ப, எவ்வளவு போச்சு, அன்னிக்கு உங்களுக்கு தெரிஞ்சது என்ன, தெரியாதது என்னன்னு நாலு வரில எழுதச் சொன்னாரு. எழுதி முடிச்சதும் பக்கத்துல இருக்கறவங்ககிட்ட ரெண்டு நிமிஷத்துல சொல்லணும், அப்புறம் அவங்க கதைய நீங்க எந்திரிச்சு எல்லாருக்கும் சொல்லணும்.

எனக்கு ஜோடியா வந்தவரு ஆனமலையன்பட்டி பக்கம் பன்னீர் திராட்ச போட்டிருக்கற பெரியவர். மூணு ஏக்கர் பந்தலையும் ஒரே வாரத்துல கவாத்து பண்ணியிருக்காரு, அதாவது கொடிய வெட்டி விட்டிருக்காரு, ஆள் கூலி மிச்சமாகும்னு. நாலு மாசம் கழிச்சு எல்லாப் பந்தலும் ஒண்ணா பழுத்து நிக்கறப்ப நாலு நாள் விடாம மழ. பழமெல்லாம் வெடிச்சு சாறு ஒழுகுது, வெல பேசிட்டுப் போன வியாபாரி போனே எடுக்கல. இப்ப அவரு பந்தல மூணா பிரிச்சு மாசம் விட்டு மாசம் கவாத்து பண்றாரு, கூலி கூடத்தான் ஆகுது, ஆனா ஒரு மழ எல்லாத்தையும் கொண்டுட்டுப் போகாதும்மா, மிஞ்சிப் போனா ஒரு பந்தல்தான் போகும்னாரு. தோல்வியத் தாங்கறதப் பத்தி ரெண்டு நாள்ல நான் கேட்டதுலயே ஒசத்தியான பேச்சு அதுதான், மேடைலருந்து வரல, பக்கத்து சேர்லருந்து வந்துச்சு.

என் கதை ஏலக்கா. 2019 ஆகஸ்ட்ல இடுக்கி மாவட்டம் புற்றடில நடக்கற ஏலக்கா ஏலத்துல கிலோ 7,000 வரைக்கும் போனது எங்க பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வெலயப் பாத்துப் பாத்து, இனி எறங்கவே எறங்காதுன்னு நம்பி, 2020 ஜனவரில சீசனுக்குன்னு எட்டு எம்எம் பச்சக் காய் 25 கிலோ, நகைய வச்சு எடுத்துப் போட்டேன். மார்ச்ல லாக்டவுன். நான் கூடலூர்ல, சரக்கு குமுளியில, நடுவுல செக்போஸ்ட் மூடிக் கெடக்கு. பாஸ் வாங்கி ஒருவழியா போய் கடைய தொறந்தப்ப வெளிய சாரல், உள்ள செவுரெல்லாம் ஈரம். சாக்குக்குள்ள இருந்த கருப்பு கவர அவுத்து கையவிட்டு ஒரு பிடி அள்ளுனேன், பச்சையே இல்ல, வெளுத்துப் போன வைக்கோல் நிறத்துல காய், தோல் நமுத்து விரல்ல ஒட்டுது. மூந்து பாத்தா வாசன இருக்கு, ஆனா வெலை நிறத்துக்குத்தான. மசாலாப் பொடிக்கு கிலோ 900ன்னு தள்ளிவிட்டேன். இத நான் என் வீட்டுக்காரர்கிட்டகூட முழுசா சொன்னதில்ல. அந்தப் பெரியவர் எந்திரிச்சு, இந்தப் பிள்ள கெட்டிக்காரி, ஒரே சாக்குல எல்லாத்தையும் வச்சிருச்சு, அவ்வளவுதான்னு சொன்னப்ப கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அன்னிக்கு சாயங்காலம் சொன்ன ஒரு ஆராய்ச்சி எனக்கு ரொம்ப உதவுச்சு. 1990கள்ல ஆமி எட்மண்ட்சன்னு ஒரு அமெரிக்க அம்மா ஆஸ்பத்திரில மருந்து குடுக்கறதுல நடக்கற தப்ப ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நல்லா சேந்து வேல பாக்கற டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு பாத்தா, கணக்குல அங்கதான் ஜாஸ்தி. தோண்டிப் பாத்தா அங்க தப்பு ஜாஸ்தியா நடக்கல, நடந்தத ஒளிக்காம சொல்றாங்க, மத்த எடத்துல பயந்துகிட்டு மறைக்கறாங்க. என் கடைல ஒரு பொண்ணு வேல பாக்குது, ரெண்டு வருஷமா அது ஒரு தப்புகூட பண்ணலன்னு நான் பெருமையா நெனச்சிருந்தேன். அன்னிக்கு ராத்திரி அத நெனச்சு சரியா தூக்கம் வரல.

ரெண்டாம் நாள் கதை சொல்றது. குமுளியிலருந்து வந்த மலையாளி சேச்சிங்க மூணு பேரு மலையாளத்துலயே சொன்னாங்க, எல்லாருக்கும் புரிஞ்சுது, எங்க பக்கம் அது ஒரு பிரச்சனையே இல்ல. பாடம் சுருக்கமானதுதான், ஒரு ஆளு இருக்கணும், அவருக்கு ஒரு சிக்கல் வரணும், அதனால எது மாறுச்சுன்னு தெரியணும், பொய் ஒரு சொட்டுகூட கூடாது. நான் அதுவரைக்கும் டூரிஸ்ட்கிட்ட நேரா தோட்டத்துலருந்து வருது, ஒரிஜினல், ஆர்கானிக்னு எல்லாக் கடையும் சொல்றதத்தான் சொல்லிட்டிருந்தேன். அங்க வச்சு புதுசா எழுதுனேன், 2024 கோடைல இடுக்கில வெயில் தாங்காம ஏலச் செடி எவ்வளவோ காஞ்சு போச்சு, அதான் வெல கூடுச்சு, பாயாசத்துக்கு மேல தூவி அழகு பாக்கணும்னா பெரிய காய் வாங்குங்க, டீக்கு தட்டிப் போடறதுக்கு சின்னக் காயோ வெடிச்ச காயோ போதும், வாசன விதைலதான் இருக்குன்னு. இதையே வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜா பழைய கஸ்டமர்ங்களுக்கு அனுப்புனேன். வெடிச்ச காய் முன்னாடி மாசக்கணக்குல டப்பால கெடக்கும், இப்ப வாரத்துல தீந்துருது. பெரிய காய் விக்கறது கொஞ்சம் கொறஞ்சிருக்கு, அதையும் சொல்லணும், லாபம்னு பாத்தா பெருசா ஏறல, ஆனா வந்தவங்க திரும்ப வர்றாங்க. காயும் இப்ப வாரம் அஞ்சு கிலோவுக்கு மேல எடுக்கறதில்ல.

கொறன்னு பாத்தா, கட்டப்பனை பக்கம் செபாஸ்டியன் ஜோசப்னு ஒரு விவசாயி தன் தோட்டத்துலயே நல்ல செடியா பொறுக்கிப் பெருக்கி உருவாக்குனதுதான் இன்னிக்கு மலையெல்லாம் நிக்கற ஞள்ளானி ஏலம், அவரு வீட்டுப் பேருதான் செடிக்கும் பேரு. கம்பத்துல வந்து வகுப்பு எடுக்கறவங்க இதத் தெரிஞ்சுட்டு வரவேணாமா, டைசனுக்கு குடுத்த அரைமணில பத்து நிமிஷம் இவருக்கு குடுத்திருக்கலாம். அப்புறம், சீக்கிரம் தோத்துப் பாருங்க, அடிக்கடி தோத்துப் பாருங்கன்னு பயிற்சியாளர் திரும்பத் திரும்ப சொன்னது எனக்கு ஒப்புக்கல. வட்டிக்கு வாங்கித் தோக்கறது வேற, கைல மிஞ்சுனத வச்சுத் தோக்கறது வேற. எவ்வளவு வரைக்கும் போனா குடும்பம் தாங்கும்னு மொதல்ல ஒரு கோடு போட்டுட்டுதான் புதுசா எதையும் செஞ்சு பாக்கணும், இத நான் எந்திரிச்சு சொன்னேன், அவரு நல்ல பாயிண்ட்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு. அதுக்கே அரை நாள் ஒதுக்கணும்ங்கறது என் கருத்து. சாப்பாடு நல்லாருந்துச்சு. மைக் கரகரன்னுச்சு. பொம்பளைங்களுக்கு பாத்ரூம் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு நாளும் வரிசைல நின்னோம், அத சரி பண்ணணும்.

திரும்பி வந்து கடைல ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி வச்சேன், யாரு என்ன தப்பு பண்ணாலும் தேதி போட்டு எழுதறது, எழுதுனா திட்டு கெடையாது. மொத பக்கத்துல என் 25 கிலோ கதைய நானே எழுதுனேன். மூணு நாள் அந்தப் பொண்ணு நோட்டத் தொடவே இல்ல. நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து, அக்கா ஒண்ணு சொல்லணும், திட்டாதீங்கன்னுச்சு. போன தீவாளிக்கு மதுரைக்கு அனுப்புன பார்சல்ல புது மிளகுக்குப் பதிலா போன வருஷத்து மிளகு போயிருச்சாம், அனுப்புன மறுநாளே தெரிஞ்சும் பயத்துல சொல்லல. அந்தக் கஸ்டமர் ஒரு வார்த்த கேக்கல, ஆர்டர் போடறத மட்டும் நிறுத்திட்டாங்க, அவங்களுக்கு என்ன கோவம்னு நான் எட்டு மாசமா யோசிச்சிட்டிருந்தேன். எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டு, நோட்ட அது பக்கம் நகத்துனேன். எழுதுச்சு, கை நடுங்குது. அன்னிக்கே மதுரைக்கு போன் பண்ணி நடந்தத சொல்லி புது மிளகு அர கிலோ அனுப்புனோம், காசு வாங்கல. வந்துச்சுன்னு ஒரு மெசேஜ் போட்டாங்க, ஆர்டர் இன்னும் வரல.

நோட்டுல இப்ப பதினாலு பக்கம் ஓடியிருக்கு, பாதிக்கு மேல அந்தப் பொண்ணு கையெழுத்து. அஞ்சுக்கு நாலு குடுக்கறேன், மொத நாள் காலையையும் பாத்ரூமையும் வச்சு ஒண்ணு கொறச்சேன். போறவங்க கடைக் கணக்கு நோட்ட மறக்காம எடுத்துட்டுப் போங்க, மதியம் எழுதச் சொல்றப்ப ரூபா கணக்கு ஞாபகத்துல வராது. தை மாசம் அடுத்தது வைக்கறாங்களாம், இந்த தடவ அந்தப் பொண்ண அனுப்பறேன், 1,800 நான் கட்டறேன்னு சொல்லியாச்சு, ரெண்டு நாள் கடைய நான் தனியா பாத்துக்குவேன்.