வால்நட் என்று விற்கப்பட்ட துவக்குப் பிடங்கு: காசு அனுப்ப முன் இதைப் படியுங்கள்

பயிர்ப் பாதுகாப்புக்காக அனுமதிப்பத்திரத்துடன் 12 போர் (bore, குழல் அளவு) ஒற்றைக்குழல் துவக்கு வைத்திருக்கும் வன்னி விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன். பழைய பிடங்கு, அதாவது துவக்கைத் தோளில் வைக்கும் மரப்பகுதி, வெடித்துப்போய்ப் புதிது தேடுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். "தொண்ணூறு வீதம் வேலை முடிந்த பிடங்கு, இறக்குமதி வால்நட், நன்றாகக் காய்ந்த மரம், வீட்டிலேயே பொருத்தலாம்" என்று வட்ஸ்அப் குழுக்களில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. அந்த ஆளிடம் 28,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கினேன். வந்தது வால்நட் இல்லை, காய்ந்த மரமும் இல்லை. அதன் கழுத்துக்குள், கையால் பிடிக்கும் மெல்லிய பாகத்துக்குள், ஒரு இரும்புத் துண்டும் இருந்தது.

நெடுங்கேணிப் பக்கம் கச்சான் செய்கிறவர்களுக்குப் பன்றியின் தொல்லையைச் சொல்லத் தேவையில்லை. ஒரு கூட்டம் இறங்கினால் விடியும்போது அரை ஏக்கர் கிளறப்பட்டுக் கிடக்கும். காலபோக நெல்லிலும் இதே கதைதான். எங்கள் துவக்கு போருக்குப் பிறகு அனுமதிப்பத்திரம் கிடைத்து வாங்கிய பழைய துவக்கு. இரும்பு இன்னும் திறமாக இருக்கிறது, மரந்தான் போய்விட்டது. முன்பு வைத்திருந்தவர் குழல் மேலே பார்க்கச் சுவரில் சாத்தி வைத்திருந்திருக்கிறார். இரும்புக்குப் பூசும் எண்ணெய் வருடக்கணக்கில் கீழே இறங்கி, இரும்போடு முட்டும் பிடங்கின் தலைப்பில் ஊறி, மரம் கறுத்து மெதுமையாகிவிட்டது. மெதுமையான மரத்தில் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னுக்கு இடித்தால் அது ஆப்பு வேலைதான் செய்யும். கழுத்தில் கீறல் விழுந்தது. உங்கள் துவக்கில் பிடங்கு இன்னும் நல்லாயிருந்தால் குழல் கீழே பார்க்க வையுங்கள், எண்ணெய் மரத்துக்குப் போகாது.

சரி, விற்றவரின் கதைக்கு வருகிறேன். தொலைபேசியில் மிகவும் பணிவாகப் பேசினார். துவக்கின் அளவுகளைக் கேட்டார், படங்கள் கேட்டார். அனுமதிப்பத்திரத்தின் பிரதியை அனுப்பவா என்று நானாகவே கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை அண்ணை, இது வெறும் மரந்தானே" என்றார். துவக்குச் சாமானில் நேர்மையாகத் தொழில் செய்கிற ஒருவர் இதைச் சொல்லவே மாட்டார். 1916 ஆம் ஆண்டிலிருந்து சுடுகலன் சட்டம் இருக்கிற நாடு இது. அனுமதிப்பத்திரத்தை வருடா வருடம் புதுப்பிக்கிறோம். வன்னியில் பிடங்கு வடிவில் ஒரு பார்சல் பஸ்ஸில் வந்தால், திறந்து பார்க்கிறவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான், அனுப்பியவர் இல்லை. நான் பார்சல் எடுக்கப் போகும்போது அனுமதிப்பத்திரத்தைக் கையோடு கொண்டுபோனேன். ரசீது கேட்டுப் பலமுறை அழைத்த பிறகுதான் ஒரு துண்டுக் கடதாசியைப் படமெடுத்து அனுப்பினார். அதில் "வால்நட் பிடங்கு" என்று எழுதியிருந்ததை அவர் இப்போது மறந்துவிட்டார்.

பெட்டியைத் திறந்தபோது பார்வைக்குக் குறை இல்லை. கடும் மண்ணிறம், மினுக்கம். ஆனால் அரைவேலையில் விற்கும் மரத்துக்கு ஏன் நிறம் பூச வேண்டும்? வாங்குகிறவர் சீவித் தேய்க்கப் போகிற மரம் அது, பூசிய நிறமெல்லாம் போய்விடும். மரத்தின் வரி தெரியக்கூடாது என்பதற்காகத்தான் பூசியிருக்கிறார்கள். அடிப்பக்கத்து வெட்டு முகத்தில் மட்டும் நிறம் சரியாக ஏறவில்லை, அங்கே மெல்லிய வெடிப்புகள் நட்சத்திரம் போலப் பிரிந்திருந்தன.

தச்சுவேலையில் வயது போன என் பெரியப்பா தூக்கிப் பார்த்ததும், "தம்பி, இதுக்குள்ள தண்ணி நிக்குது. வேலை தொடங்காத" என்றார். சொன்னபடி கடைத் தராசில் நிறுத்து எழுதி வைத்தோம். முதலில் 1 கிலோ 180 கிராம். நிழலில், காற்றுப்படும் இடத்தில் வைத்து ஒவ்வொரு கிழமையும் நிறுத்தோம். ஒவ்வொரு முறையும் இறங்கியது. கடைசியில் 1 கிலோ 40 கிராமுக்கு வந்து நின்றது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது பழைய தச்சர்களின் கணக்கு. பிடங்குக்கு அறுக்கிற பலகை இரண்டு, இரண்டரை அங்குலம். அதைப் பச்சையாக இரும்போடு பொருத்திவிட்டால், பிறகு காய்ந்து சுருங்கும்போது இன்று முடி நுழையாமல் உட்கார்ந்த இடத்தில் நாளை இடைவெளி வரும். இடைவெளி வந்தால் வெடியின் இடி ஒரு பக்கத்துக்கு மட்டும் விழும், கழுத்து பிளக்கும்.

மரத்தின் நிறை நின்ற பிறகுதான் பொருத்தத் தொடங்கினோம். தோட்டா இல்லை என்பதை இரண்டு பேரும் பார்த்து, குழலைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டோம். இரும்பில் எதையும் அராவவில்லை, தட்டவில்லை. இரும்பு வேலை உரிமம் உள்ளவர் செய்ய வேண்டியது, வீட்டில் தொடக்கூடாது.

எங்கள் ஒற்றைக்குழல் துவக்கில் பிடங்கை இரும்போடு பிடித்திருப்பது நடுவால் போகும் ஒரு நீள போல்ட். அடிப்பக்கத்தால் விட்டு இறுக்கினால் மரத்தின் தலைப்பு இரும்பின் பின்முகத்தில் அமர வேண்டும். அந்தத் துளை நேராக இருந்தால்தான் எல்லாம் நேராக வரும். ஒரு நேரான கம்பியைத் துளைக்குள் விட்டுப் பார்த்தோம். தலைப்பில் நடுவில் வந்த கம்பி, அடியில் விளிம்பை ஒட்டி வந்தது. துளையே சரிந்திருக்கிறது. போல்டை இறுக்கினால் பிடங்கு வலப்பக்கம் திரும்பும். துளையை அடைத்துத் திரும்பத் துளைக்க வேண்டியதாயிற்று.

பொருத்தும் முறையைப் பெரியப்பா செய்ததிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் "தொண்ணூறு வீதம்" என்ற பேச்சின் ஏமாற்று இங்கேதான் விளங்கும். குப்பி விளக்கின் புகையை ஒரு தகரத்தில் பிடித்து, அந்தக் கரியை ஒரு துளி எண்ணெயில் குழைத்து, இரும்பின் முகத்தில் பட்டும் படாமலும் பூசினார். மரத்தை நேராக வைத்து அமத்தி எடுத்தார். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியதோ அங்கே மட்டும் உளியால் ஒரு தோல் அளவு எடுத்தார். திரும்பப் பூச்சு, திரும்ப அமத்தல், திரும்பச் சுரண்டல். முகம் முழுக்கச் சமமாகக் கறுப்பு விழும் வரை இதுதான் வேலை. இரும்பின் மேல்வால், அதாவது மரத்துக்குள் பின்னுக்கு நீளும் பகுதி, முடியும் இடத்தில் மட்டும் மெல்லிய கடதாசி அளவு இடைவெளி விட்டார், அங்கே முட்டினால் அந்த வால்தான் மரத்தைப் பிளக்கும். இயந்திரம் வெளியுருவத்தைக் கடைந்து கொடுத்துவிட்டால் வேலையின் பெரும் பங்கு முடிந்தது என்று விற்கிறவர் சொல்லலாம். துவக்கைத் தோளில் வைக்கிறவனுக்கு மிச்சம் இருக்கிற இந்தப் பங்குதான் முக்கியம். இயந்திரம் அளவுக்கு மேல் வெட்டியிருந்தால் மரத்தைத் திரும்பச் சேர்க்கவும் முடியாது. எனக்கு வந்ததில் இடப்பக்கம் ஏற்கெனவே ஆழமாகப் போயிருந்தது.

அந்த வேலைக்கிடையில்தான் உளி "டிக்" என்று நின்றது. கழுத்தின் கீழ்ப்பக்கம். எடுத்துப் பார்த்தால் உளியின் வாயில் ஒரு பல் போயிருந்தது. மேலே இருந்த நிறத்தைச் சுரண்டியபோது, மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்த ஒரு திட்டு வெளிவந்தது. அதைச் சுற்றி மரம் நீலக் கறுப்பாக வளையம் போட்டிருந்தது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கறை அது. அடைப்பைத் தோண்டினார் பெரியப்பா. உள்ளே கச்சான் பருப்பளவு, ஒரு பக்கம் கூராக, துருவேறிய இரும்பு. கையில் வைத்துப் பார்த்தவர் அதிகம் பேசவில்லை. "சன்னம்" என்றார். செல் வெடித்துச் சிதறிய இரும்புத் துண்டு.

வன்னியில் மரக்காலை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. 2009 வரை போரில் செல் (எறிகணை) விழுந்த காணிகளில் நின்ற மரங்களை அறுக்கும்போது வாள் உடைகிறது. அதனால்தான் அந்த மரங்களைப் பலர் வாங்கப் பின்னடிக்கிறார்கள், விலையும் குறைகிறது. பெரியப்பா மரத்தூளில் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்து என்னிடமும் நீட்டினார். கசப்பு. வேம்பு. எங்கள் மண்ணில் நின்று செல்பட்ட வேப்பமரத்தை மலிவாக எடுத்து, கடும் மண்ணிறச் சாயம் பூசி, வெளிநாட்டு வால்நட் என்று எங்களுக்கே விற்றிருக்கிறார்கள். வால்நட் எங்கள் காட்டில் இல்லாத மரம், அதனால் பார்த்தறிந்தவர்கள் குறைவு. அந்தத் துணிவில்தான் விற்கிறார்கள்.

வேம்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. கதவுக்கும் யன்னலுக்கும் அது நல்ல மரம். ஆனால் அதன் நார் மாறி மாறிப் பின்னி ஓடும், சீவினால் பிய்ந்து வரும். பிடங்குக்கு வால்நட்டைத் தேடுவதற்குக் காரணம், அது காய்ந்த பிறகு அதிகம் அசையாது, துவக்கின் பாரத்தைக் கூட்டாமலே இடியைத் தாங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுத்தில் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். எனக்கு வந்த துண்டில் நார் கழுத்துக்குக் குறுக்கே சரிந்து இறங்கியது. அந்த இடத்தில், மிக மெல்லிய பாகத்தில், ஒரு பொந்தும் சன்னமும். அதைத் தோளில் வைத்து ஒருவர் வெடி வைத்திருந்தால் கழுத்து கையிலேயே முறிந்திருக்கும், முகம் அதற்கு மேலே இருந்திருக்கும். 28,000 ரூபாயை விட எனக்குக் கோபம் அதில்தான். அந்த அடைப்பைப் போட்டவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பிவிட்டு அழைத்தேன்.

"அண்ணை, உளி வைச்ச சாமானை நாங்கள் திருப்பி எடுக்கிறேல்லை."

"உளி வைச்சபடியாத்தானே தம்பி உள்ளுக்க இருக்கிறது தெரிஞ்சது. பொருத்துறதுக்கெண்டுதானே வித்தனீங்கள்?"

"மரமெண்டால் இயற்கையா ஏதாவது இருக்கும்."

செல் சன்னம் இயற்கை என்று சொன்ன பிறகு நான் என்ன பேசுவது? அடுத்த நாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

கூடவே 3,500 ரூபாய்க்கு ஒரு போத்தல் எண்ணெயும் தந்திருந்தார், "காய்ச்சிய லின்சீட்" (ஆளிவிதை எண்ணெய்) என்று. அதிலும் பொய். ஒரு கண்ணாடித் துண்டில் மெல்லியதாகத் தேய்த்து வைத்தேன். உண்மையான காய்ச்சிய லின்சீட் ஒன்றிரண்டு நாளில் தோல் கட்டும், ஏனென்றால் விரைவில் காயும் மருந்து அதில் சேர்த்திருக்கும். இது கிழமைகள் போயும் சமையல் எண்ணெய் போலவே வழுக்கியது. நல்ல எண்ணெய் கிடைத்தவர்கள் மெல்லிய பூச்சாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு அடுத்த பூச்சுக்குப் போங்கள். பொருத்தின உள்முகத்துக்கும் பூசுங்கள், ஈரம் அந்த வெட்டு முகத்தால்தான் ஏறும். துடைத்த துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள், லின்சீட் ஊறிய துணி தானாகவே சூடாகித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் போடுங்கள்.

இப்போதைக்குப் பெரியப்பா பழைய பிடங்கின் ஊறின எண்ணெயை எடுத்து, கீறலுக்குள் அரல்டைட் பசை விட்டு, பித்தளைக் கம்பி வைத்து இறுக்கியிருக்கிறார். உரிமம் உள்ள துவக்குத் திருத்துநர் ஒருவர் பார்த்துச் சரி சொல்லும் வரை அதில் வெடி வைப்பதில்லை என்று முடிவு.

இன்னும் வாங்கத்தான் வேண்டும் என்றால், நிறம் பூசாத மரமாகக் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இரண்டு வெட்டு முகங்களையும் கழுத்தின் இரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நார் ஓடும் திசை அதில் தெரியும். பார்சலைத் திறக்கும்போது ஒருவர் வீடியோ எடுக்கட்டும். உளியைத் தொட முன்னரே நிறுத்துப் பாருங்கள், துளைக்குள் நேர்க் கம்பி விட்டுப் பாருங்கள், பழைய ஸ்பீக்கரில் இருக்கும் பலமான காந்தத்தைக் கழுத்தைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். மேற்பரப்புக்குக் கிட்ட இரும்பு இருந்தால் இழுக்கும். ஆழத்தில் இருந்தால் இழுக்காது, அதனால் அடைப்புத் திட்டு எங்காவது தெரிகிறதா என்று நனைத்த துணியால் துடைத்தும் பாருங்கள். நனைந்த மரத்தில் பசைத் திட்டு தண்ணீரை உறிஞ்சாமல் தனியே தெரியும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, கேட்டால் ரசீது தரவேண்டியது வியாபாரியின் கடமை. பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம், மாவட்டச் செயலகங்களில் அவர்களின் அலுவலர்கள் இருக்கிறார்கள். புளியங்குளம், ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கங்களிலும் சிலர் இதே ஆளிடம் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். அப்படியானவர்கள் பிடங்கைத் துவக்கில் பூட்டி வெடி வைக்க வேண்டாம். கழுத்தின் கீழ்ப்பக்கத்தைச் சுரண்டிப் பாருங்கள், ரசீதையும் படங்களையும் பத்திரப்படுத்தி எனக்குத் தெரிவியுங்கள். முறைப்பாட்டில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.