கிராஃபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் பிளாக் மாட்டக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு (பெங்களூரு எஸ்.பி. ரோடு)

கணினிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுப் பக்கம் கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுத்து வாட்டர் பிளாக் (கார்டின் சூட்டை வாங்கித் தண்ணீருக்குக் கடத்தும் உலோகக் கட்டை) மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். அந்தத் தெருவில் நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் முதல் கணினியே அங்கே வாங்கியதுதான், பதினோரு ஆண்டு உழைத்தது. எனவே தெருவின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கே ஒரு மாடிப்படிக் கடையின்மேல்தான் கோபம்.

நான் வீட்டிலிருந்தே உள் அலங்காரப் படங்கள் செய்து கொடுப்பவள். ஒயிட்ஃபீல்டில் இன்னும் பூச்சு வேலைகூட முடியாத வீட்டின் சமையலறை, முடிந்தபின் எப்படி இருக்கும் என்று காட்டும் படங்கள். அதற்காகப் பழைய சந்தையில் ஒரு ஆர்டிஎக்ஸ் 3090 வாங்கியிருந்தேன். 2020-இல் வந்த கார்டு, 24 ஜிபி நினைவகம், 350 வாட் மின்சாரம் குடிக்கும். முருகேஷ்பாளையாவில் எங்கள் வீடு இரண்டே அறை. இரவில் ரெண்டர் (கணினி படத்தை உருவாக்கும் வேலை) ஓடினால் அதன் விசிறிகள் மாவு மில் மாதிரி இரையும். அடுத்த அறையில் அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. மார்ச் வெயில் வேறு. சரி, தண்ணீரில் குளிர வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, கார்டின் போர்டுக்குப் பொருந்தும் பிளாக், ரேடியேட்டர், பம்ப், குழாய் எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். மாட்டத்தான் தைரியம் வரவில்லை.

அந்தக் கடைக்காரர் தமிழில் பேசினார். அதுதான் நான் விழுந்த இடம். "எந்த ஊர் மேடம்?" என்றார். வேலூர் என்றேன். "எனக்கு ஆம்பூர்" என்றார். அந்த நிமிடத்திலிருந்து மேடம் போய்த் தங்கச்சி வந்துவிட்டது. மாட்டுவதற்கு 7,000 ரூபாய், டிஸ்டில்டு வாட்டரும் பாசி பிடிக்காமல் இருக்க மருந்தும் 900 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேட்டேன். "நமக்குள் எதற்கு?" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். ஊர்ப்பாசத்தின் விலை எவ்வளவு என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் மாலை வாங்கி வந்து ரெண்டர் ஓடவிட்டேன். சத்தமே இல்லை. அம்மா வந்து எட்டிப் பார்த்து, "ஓடுகிறதா?" என்று கேட்டார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால், நான்கு நிமிடத்தில் முடியும் படம் ஆறரை நிமிடம் எடுக்கிறது. எண்களைத் திறந்து பார்த்தேன். சிப் 79 டிகிரி, ஹாட் ஸ்பாட் 106, நினைவகம் 110.

இந்த மூன்று எண்களைப் பற்றித்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஜிபியு-இசட், எச்டபிள்யூ இன்ஃபோ என்ற இரண்டு மென்பொருள்களுமே இலவசம், இரண்டிலும் இவை தெரியும். முதல் எண் சிப்பின் பொதுவான சூடு. ஹாட் ஸ்பாட் என்பது சிப்பிலேயே அதிகம் கொதிக்கும் புள்ளி. இரண்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. எனக்கு இருந்ததோ 27. அப்படியென்றால் சிப்பின் ஒரு பகுதியில் பிளாக் நன்றாக ஒட்டியிருக்கிறது, இன்னொரு பகுதியில் ஒட்டவில்லை. மூன்றாவது எண் 110-ஐத் தொட்டால் இந்த வகைக் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். ஆறரை நிமிடத்தின் காரணம் அதுதான்.

இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அவர் அரைமணி நேரம் உள்ளே வைத்திருந்துவிட்டு வெளியே வந்தார், முகத்தில் மருத்துவமனை வராந்தாக் களை. "சிப் போய்விட்டது தங்கச்சி. பழைய கார்டுதானே, யாரோ கிரிப்டோ நாணயச் சுரங்க வேலைக்கு ஓட்டித் தள்ளியிருக்கிறார்கள். தண்ணீர் விட்டாலும் தேறாது. வேண்டுமானால் 22,000-க்கு நான் எடுத்துக்கொள்கிறேன், மேலே போட்டு வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்."

24 ஜிபிக்காகவே இந்தக் கார்டைத் தேடிச் செயற்கை நுண்ணறிவு படிக்கிற பிள்ளைகள் இந்த ஊரில் அலைகிறார்கள். நல்ல நிலையில் இருப்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். அது அவருக்கும் தெரியும். சிப் போயிருந்தால் அதற்கு ஏன் 22,000 என்று கேட்க எனக்கு ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான் தோன்றியது. நல்லவேளையாக, "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிக் கார்டையும் கையோடு எடுத்து வந்துவிட்டேன். விற்றுவிட்டு வந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது, "பழைய கார்டு வாங்காதீர்கள்" என்று வேறு ஒரு பதிவு எழுதியிருப்பேன்.

அப்பாவைக் கேட்கிறேன் என்றது தப்பிக்கச் சொன்ன சாக்குத்தான். அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டர். கைப்பேசியில் அலாரம் வைக்கக்கூட என்னைக் கூப்பிடுவார். ஆனால் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தண்ணீர் சுடுகிறதா?"

மறுபடி இணைத்து ஓடவிட்டுக் குழாயைத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்புக்கூட இல்லை. பம்ப் ஓடுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, சிப் கொதிக்கிறது, தண்ணீர் மட்டும் சும்மா இருக்கிறது. "அடுப்பு எரிகிறது, பாத்திரம் அடுப்பின் மேல் இல்லை" என்றார் அப்பா. ரேடியேட்டர் போதவில்லை என்றால் தண்ணீரும் சேர்ந்து சுட்டிருக்கும். இங்கே சூடு தண்ணீருக்குச் சரியாக வந்து சேரவில்லை. கோளாறு பிளாக்குக்கும் சிப்புக்கும் நடுவில்தான். நிறுவனத்துக் கையேட்டில் இரண்டு பக்கம் ஓடுவதை அவர் குழாயைத் தொட்டே முடித்துவிட்டார்.

அன்றிரவு தண்ணீரை வடித்து, சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்துத் திறந்தோம். இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பார்த்திருந்தால் நீங்களும் ஏமாற மாட்டீர்கள்.

சிப் ஏறக்குறைய ஒரு அங்குலச் சதுரம். அதன்மேல் தடவிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் ஒரு விளிம்பில் கண்ணாடி போல மெலிந்து, கீழே உலோகம் தெரிகிற அளவுக்கு நசுங்கியிருந்தது. எதிர் விளிம்பில் டியூபிலிருந்து பிதுக்கிய மாதிரியே புடைத்துக் கிடந்தது. பிளாக் அதைத் தொட்டதற்கான தடயமே இல்லை. அப்பா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தொழிற்சாலையில் இரண்டு பரப்புகள் சரியாக உட்காருகின்றனவா என்று பார்க்க ஒன்றின்மேல் நீலச் சாயம் தடவி மற்றொன்றை வைத்து எடுப்பார்களாம். சாயம் ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். "இதுவும் அதுதான். முகம் முகத்தோடு உட்காரவில்லை. ஒரு பக்கம் ஏதோ தூக்கிக்கொண்டு நிற்கிறது."

தூக்கிக்கொண்டு நின்றது தெர்மல் பேட். நினைவகச் சில்லுகளுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பும் ரப்பர் போன்ற பட்டைகள். என் பிளாக்கின் கையேட்டில் முன்பக்கம் முழுவதற்கும் 1 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. அப்பா அலமாரியிலிருந்து தடிமன் அளக்கும் வெர்னியரை எடுத்தார், துணி சுற்றி வைத்திருந்தது. வலப்பக்கப் பட்டைகள் 1 மி.மீ. இடப்பக்கம் நான்கும் 2 மி.மீ., நிறம்கூட வேறு. பிளாக்கோடு வந்த பட்டையைக் கண்டபடி வெட்டித் தீர்த்துவிட்டு, குறைந்ததற்குக் கடையில் கிடந்ததைச் சொருகியிருக்கிறார்கள். நசுங்கும் என்று நினைத்திருப்பார்கள். பெரும்பாலான பட்டைகள் பாதி கனத்துக்கு நசுங்கித் தராது. பிளாக் சாய்ந்து உட்கார்ந்தது. சாய்ந்ததைச் சரிக்கட்டத் திருகுகளை முடிந்தமட்டும் முறுக்கியிருக்கிறார்கள். போர்டு லேசாக வளைந்திருந்தது, இரண்டு திருகுகளில் பிளாஸ்டிக் வாஷர் இல்லை, ஒரு திருகின் தலை வழுக்கிப் போயிருந்தது.

பின்பக்கம் இன்னும் மோசம். இந்தக் கார்டில் 24 நினைவகச் சில்லுகள், அவற்றில் பன்னிரண்டு போர்டின் முதுகுப்புறத்தில் இருக்கின்றன. அதற்குப்பின் வந்த 3090 டிஐ-யில் இந்தத் தலைவலி இல்லை, எல்லாம் முன்பக்கமே. ஆனால் 3090-இல் முதுகுத் தகட்டுக்கும் சில்லுகளுக்கும் நடுவே பட்டை வைத்தே ஆக வேண்டும். எங்களுடையதில் ஆறில் பட்டையே இல்லை. மற்ற ஆறில் இருந்தது, ஆனால் அவற்றில் இரண்டில் மேலே ஒட்டிவரும் நீலத்தாளைக்கூட உரிக்கவில்லை. நான் அதை நகத்தால் உரித்தபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

சரியான பட்டைகளை வரவழைக்க மூன்று நாள் ஆயிற்று. செலவு 1,600 ரூபாய். பழைய பேஸ்டைச் சுத்தமான ஆல்கஹாலால் துடைத்து, புதிதாகத் தடவி, முதல்முறை மாட்டியதும் உடனே கழற்றினோம். பதிவு எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்கத்தான். சிப் முழுக்க ஒரே மெல்லிய சாம்பல் பூச்சு. அதன்பிறகே மறுபடி தடவி மாட்டினோம். திருகுகளை அப்பா வரிசையாக முறுக்கவிடவில்லை. ஒன்றுக்குக் கால் சுற்று, அடுத்து அதற்கு நேர் எதிர்மூலை, மறுபடி முதல் ஜோடிக்குக் குறுக்கே. திருப்புளியை இரண்டு விரலால் மட்டும் பிடிக்கச் சொன்னார். "உள்ளங்கை பட்டால் அதிகம்." கணினிக்கு மின்சாரம் தராமல் பம்பை மட்டும் தனியாக ஓட்டி, இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ தாள் வைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் விட்டோம். ஒரு புள்ளி ஈரம் இல்லை.

இப்போது அதே ரெண்டரில் சிப் 49, ஹாட் ஸ்பாட் 61, நினைவகம் 82. படம் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. குழாயைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட சிப் இது.

வடித்த தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிளாக்கின் கண்ணாடிப் பக்கத்தில் அதற்குள் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. பெங்களூரில் ஆழ்துளைத் தண்ணீரோடு குடித்தனம் நடத்துபவர்களுக்கு அந்த வெள்ளைக்கோடு வாளியிலேயே பழக்கம். வீட்டில் ஆர்.ஓ. இயந்திரத்துக்கு வாங்கிய டிடிஎஸ் பேனா (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டுவது) இருந்தது, முக்கினேன். 160. டிஸ்டில்டு வாட்டர் என்றால் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்க வேண்டும். சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது முதலாளி இல்லை. வேலை செய்யும் பையன் ஒளிவுமறைவே இல்லாமல், "கேன் தண்ணீர்தான் அக்கா, எல்லாருக்கும் அதுதான்" என்றான். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்தது. கழற்றிய பழைய விசிறிக் குளிர்விப்பானையும் அதன் திருகுகளையும் எனக்குத் திருப்பித் தரவே இல்லை. கேட்டதற்கு முதலாளி கைப்பேசியில், "சொன்னால்தானே எடுத்து வைப்போம்" என்றார். அது இல்லாமல் நாளைக்கு இந்தக் கார்டை விற்பது கஷ்டம். கொடுக்கும்போதே கார்டின் இரண்டு பக்கத்தையும், வரிசை எண்ணையும் படம் எடுத்துவிட்டு, "கழற்றுவது எல்லாம் பெட்டியில் போட்டுத் தர வேண்டும்" என்று எழுதி வாங்குங்கள். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே அரைமணி நேரம் சுமையேற்றி ஓடவிட்டு அந்த மூன்று எண்களையும் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இதையெல்லாம் கேட்காததுதான் என் தவறு, வெட்கமாகவும் இருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் போகலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். முறையான பில் இல்லாததால் யுபிஐயில் பணம் அனுப்பிய பதிவு, துண்டுச்சீட்டு, நாங்கள் திறந்தபோது எடுத்த படங்கள், வெர்னியர் காட்டிய அளவின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

போன வியாழக்கிழமை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. புகாரைப் பற்றிப் பேசப் போகிறார் என்றுதான் எடுத்தேன். "தங்கச்சி, அந்தப் போன கார்டு இன்னும் வைத்திருக்கிறாயா? ஒரு பார்ட்டி கேட்கிறது. முப்பதாயிரம் வரைக்கும் பார்க்கலாம்" என்றார்.