பிரஷ் சாதகத்துக்கு எந்தப் பரப்பு?

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் டிரம்ஸ் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் மெல்லிசைக் குழுவிலோ தேவாலயத்திலோ குச்சி பிடித்துக் கை பழகியவர்கள். அவர்களில் ஒருவருக்கு, குச்சிக்குப் பதில் விசிறிபோல் விரியும் கம்பிக் கற்றையால் தட்டியும் உரசியும் வாசிக்கும் ஜாஸ் பிரஷ் வாசிப்பின் மீது ஆசை வந்தால், எந்த பிரஷ் வாங்குவது என்று யோசிக்கும் அளவுக்கு எதன்மீது சாதகம் செய்வது என்று யோசிப்பதில்லை. என் கணிப்பில் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். குச்சிக்குத் தேவை எழும்பும் பரப்பு. பிரஷ்ஷுக்குத் தேவை உரசும் பரப்பு.

வாசிப்பு முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். நடுத்தர வேகத்தில் இடக்கை, டிரம் செட்டின் முக்கிய மேளமான ஸ்நேரிலிருந்து பிரஷ்ஷை எடுக்காமலே, இரண்டு தாளத் தட்டுக்கு ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். வலக்கை, ஜாஸுக்கே உரிய சுவிங் என்ற தாள நடையைத் தட்டும். ஒவ்வொரு தட்டையும் ‘தகிட’ என்று மூன்றாகப் பிரித்தால், நான்கு தட்டுகளில் முதலாவதிலும் மூன்றாவதிலும் ‘த’ மட்டும் விழும். இரண்டாவதிலும் நான்காவதிலும் ‘த’வும் ‘ட’வும் விழும். தாளச் சொற்கட்டை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வலக்கை சீக்கிரம் வசப்படும். நின்றுபோவது இடக்கைதான். இசைக் கோவையில் மூச்சுபோல இடைவிடாமல் ஒலிக்க வேண்டிய ‘ஸ்ஸ்ஸ்’ அதன் பொறுப்பு. வட்டத்தின் எந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது, எங்கே வேகம் தளர்கிறது என்பதைக் காது கேட்டால்தான் கை திருந்தும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ரப்பர் பேட் முதல் சுற்றிலேயே விலகிவிடுகிறது. நம் ஊர் மேடைகளில் ஆக்டோபேட் என்ற மின் தாளக் கருவி புழங்குவதால் பலர் வீட்டிலும் ஏதோ ஒரு ரப்பர் பரப்பு இருக்கிறது. ஆனால் கம்பி அதில் வழுக்குவதற்குப் பதில் பற்றிக்கொள்கிறது, ஒலியும் எழுவதில்லை. வலக்கைத் தட்டலை மட்டும் சீர்செய்ய அது உதவும். அதற்குக் குச்சியே போதும்.

மெஷ் தலை, அதாவது வலைத்துணிப் பரப்பு, பொருத்திய மின் டிரம் செட், இரவு பத்து மணிக்கும் பக்கத்து வீட்டாரைத் தொந்தரவு செய்யாது என்பதால், ஒரே சுவரைப் பகிரும் அக்கிரகாரத்து வீடுகளில் வசிப்பவர்களுக்குக் கவர்ச்சியானது. குச்சிக்கு நல்ல தேர்வுதான். பிரஷ்ஷுக்கு வந்தால், மெல்லிய எஃகுக் கம்பிகள் வலைக்கண்ணில் சிக்கி வளைகின்றன. நைலான் பிரஷ் சிக்காது என்றாலும், தட்டினால் பதிவாகும் சென்சார் பெரும்பாலான செட்களில் தேய்ப்பைப் பதிவு செய்வதில்லை. வலையின் மீது கை வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும், ஹெட்போனில் ஒன்றும் கேட்காது. அத்தனை பணம் கொடுத்து இடக்கையை ஊமையாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

அட்டைப்பெட்டியை ஏளனமாக நினைக்க வேண்டாம். ஜாஸ் வாசிப்பவர்கள் இசைத்தட்டு உறையிலும் செய்தித்தாளிலும் பிரஷ் பழகியது பழைய வழக்கம். மின்விசிறியோ தொலைக்காட்சியோ வந்த பெட்டியின் அகன்ற பக்கத்தை வெட்டி மேசையில் வைத்தால், கம்பி உரசும் ஒலி தெளிவாகவே கேட்கிறது. குறைகள் இரண்டு. நாளாக ஆக இடக்கை சுற்றும் தடம் மழமழவென்று பளபளத்து ஒலி மங்கிவிடும். அப்போது அட்டையைத் திருப்பிப் போட வேண்டும். ஐப்பசி மழையில் அட்டை ஈரம் வாங்கித் துவண்டால் திருப்பிப் போட்டும் பயனில்லை. வெட்டிய விளிம்பில் கம்பி மாட்டிக்கொள்ளும் என்பதால் ஓரங்களை ஒட்டுநாடாவால் மூடிவிடுவது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது, ஹெட் என்னும் மேளத்தின் மேற்படலத்தில், வெள்ளைப் பூச்சுள்ள பதினான்கு அங்குல அளவு ஒன்றைத் தனியாக வாங்கி, அடியில் மடித்த துண்டைப் போட்டு மேசைமீது வைத்துப் பழகுவதையே. ஸ்நேரின் அதே அளவு, அதே சொரசொரப்பு, ஆனால் மேளத்தின் உடலான கூடு இல்லாததால் அடக்கமான ஒலி. எட்டு, பத்து அங்குலப் பயிற்சித் தட்டுகளும் இதே பூச்சுடன் கிடைக்கின்றன; இரண்டு கையும் மோதாமல் வட்டம் போட அவற்றில் இடம் போதாது. ஈரமும் இதற்குப் பெரிய பகையல்ல. 1957-இல் ரெமோ நிறுவனம் ‘வெதர் கிங்’ என்ற பெயரில் பிளாஸ்டிக் படல ஹெட்டுகளைக் கொண்டுவந்ததன் பயனே, கன்றுத்தோல் போல மழைக்கு அவை தளர்வதில்லை என்பதுதான். அடைமழை நாளில் மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கப் பாடுபடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

பிரஷ் தேர்வில் இவ்வளவு அலச வேண்டியதில்லை. பிடிக்குள் இழுத்து மூடக்கூடிய எஃகுக் கம்பி பிரஷ்ஷே கற்பவருக்கு ஏற்றது. விரிப்பைக் கூட்டினால் ஒலி பரந்து மென்மையாகும், குறைத்தால் தட்டு தெளிவாக விழும். நைலான் தடிமன் அதிகம், தட்டு உரத்து ஒலிக்கும், தேய்ப்பு மெலிந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் எஃகுக்குத் துரு பயம் உண்டு என்பது நைலான் பக்கம் சொல்லக்கூடிய ஒரே நியாயம். வாசித்து முடித்ததும் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து உள்ளே இழுத்து வைப்பவருக்கு அந்த நியாயமும் பெரிதாகத் தோன்றாது.

முழு ஸ்நேர் வாங்குவதை இடக்கை வட்டம் அறுபடாமல் வரும்வரை தள்ளிப்போடலாம். வாங்கும்போது, பழையது மலிவாகக் கிடைத்தாலும், கூட்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஹெட்டின் நடுவில் நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள். சொரசொரவென்று ஓசை வந்தால் பூச்சு உயிரோடு இருக்கிறது. குச்சி அடித்துத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால், புது ஹெட்டின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.